அமுத்துனது யாருங்க?

கம்ப்யூட்டரில் கோளாறு என்று கூப்பிட்டால், அவர் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்கமாட்டார். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, பந்தியில் 'சாதம் போதுமா' என்று விசாரிக்கிற குரலில் கேட்பார்.

"ஏனுங்க அம்மணி, ஏதாச்சும் அமுத்துனீங்களாங்க?"

"இல்லீங்களே."

"உங்களைச் சொல்லலீங்க. யாரோ அமுத்தியிருக்கறாங்க. மிசின் தானா எதையும் பண்ணாதுங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எங்கள் பக்கத்தில் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். ஆனால் அவருடைய 'ங்க' வேறு மாதிரி. அதைக் கேட்டு முடிக்கும்போது, நாம் உண்மையிலேயே எதையோ அமுத்திவிட்டோமோ என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

அவர் பெயரை எழுதவில்லை. அந்தப் பெயரில் இன்னும் ஒரு கடைப் பலகை தொங்குகிறது.

நான் அப்போது பல்லடம் சாலையில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில், ஊர்ப் பேச்சில் குஞ்சுப் பண்ணையில், வேலை பார்த்தேன். முட்டைகளை அலமாரி அலமாரியாக அடுக்கி, சூடு கொடுத்து, குஞ்சு பொரிக்கவைத்து, சுற்றுவட்டாரக் கோழிப் பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று முதலாளி அறையில், பெரும்பாலும் துணி போர்த்தியபடி இருக்கும். இன்னொன்று என்னுடையது. என்றைக்கு எந்த அலமாரியில் முட்டை வைத்தார்கள் என்று நான் அதில் ஏற்றுவேன். எந்த முட்டைகளை அன்றைக்கு அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும் என்று காலையில் அது ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். அந்தச் சீட்டை வைத்துத்தான் உள்ளே வேலை நடக்கும்.

பீளமேட்டில் கடை வைத்திருந்த அவர், ஸ்கூட்டரில் வந்து எங்கள் மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். கறுப்புத் திரையில் எழுத்தாக அடிக்கிற டாஸ் மறைந்து, கட்டம் கட்டமாகத் திறக்கிற புது சிஸ்டம் எல்லா அலுவலகங்களுக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒன்றைப் போட்டு முடித்துப் பழகுவதற்குள் அதைவிடப் புதியது வந்துவிடும். "இதைப் போட்டுட்டா பறக்குமுங்க" என்பார். போடுவார். அவர் ஸ்கூட்டர் சாலையில் ஏறுவதற்குள் ஏதாவது ஒன்று நின்றுபோகும்.

முதல் முறை பிரிண்டர் நின்றது. சீட்டுக்குப் பதிலாகக் கட்டமும் கோடும் பூவுமாக அச்சடித்துத் தள்ளியது. அவரைத் திரும்ப வரவழைத்தோம். வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவருகே பழனி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். தினமும் மேசைகளைத் துடைப்பதும் அவன்தான்.

"தம்பி, துணியில ஈரம் இருந்துதுங்களா?"

"பிழிஞ்சுதானுங்க தொடச்சேன்."

"பிழிஞ்சாலும் ஈரம் ஈரந்தானுங்களே கண்ணு."

அதோடு முடிந்தது. பிறகு நெடுநேரம் யாரையும் பக்கத்தில் வரவிடாமல் உட்கார்ந்து ஏதேதோ ஃப்ளாப்பியைப் போட்டு எடுத்தார். பிரிண்டர் ஒழுங்காக அடித்தது. எதைச் சரிசெய்தார் என்று அவர் சொல்லவில்லை. பழனி அன்றிலிருந்து அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே தட்டை நீட்டுவான். நான் எழுந்துபோய் வாங்கிக்கொள்வேன்.

முதலாளியின் கம்ப்யூட்டர் கெட்டால் மட்டும் அவர் 'அமுத்துனீங்களா' என்று கேட்டதில்லை. அங்கே குற்றவாளி கரன்ட்டாக இருக்கும். ஒருமுறை பல்லி.

ஆள் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். தொண்டாமுத்தூரில் அவர் மனைவி வீட்டாருக்குத் தோட்டம் இருந்தது. வரும்போதெல்லாம் பை நிறையக் கத்திரிக்காயோ அவரைக்காயோ கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். என் அப்பா தறிக்குடோனில் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போனவர் அவர்தான். வழியெல்லாம் தோட்டத்தில் யானை புகுந்த கதையைச் சொல்லி என் அழுகையை நிறுத்தப் பார்த்தார். அந்தக் கதையிலும் கடைசியில் யானை மேல் தப்பில்லை.

"என்ற மச்சானச் சொல்லோணுமுங்க. கரன்ட் வேலிக்கு சுவிச்சை அமுத்தாமத் தூங்கிப்போட்டான்."

ஒரே ஒரு முறை அவரை வேறு முகத்தோடு பார்த்திருக்கிறேன். மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். நான் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டுச் சீக்கிரம் திரும்பினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரை கறுப்பாக இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மெஷினை அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். அந்தக் கோடு மட்டும்தான் வந்தது. தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக்கூட்டுகிறவர்போல வாசித்தார். பிறகு தனக்குத்தானே, யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"என்னன்னே தெரியலியே சாமி."

என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு கணம் அந்த முகம் அப்படியே இருந்தது. வீட்டுப்பாடம் எழுதாத பையன் முகம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"நேத்து சாய்ங்காலம் நிறுத்தறப்ப ஒழுங்கா நிறுத்துனீங்களாங்க அம்மணி?"

அவருக்குத் தெரியாது என்பதல்ல, 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வழியில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த நாளில் இந்த மெஷின்களைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? ஆனால் தெரிந்தவர் என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை தெரியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை வேறொருவரைக் கூப்பிடுவார்கள். பாவமாக இருந்தது. ஒழுங்காகத்தான் நிறுத்தினேன் என்று சொல்லாமல், "சரியா ஞாபகம் இல்லீங்க" என்றேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் மறுபடியும் ஒரு புது சிஸ்டம் போட்டார். இந்த முறை எதுவும் நிற்கவில்லை. பிரிண்டர் அடித்தது. பழைய கணக்குகள் எல்லாம் இருந்தன. "பார்த்தீங்களாங்க, யாரும் கை வெக்கலீன்னா எப்படி ஓடுதுன்னு" என்று சொல்லி எல்லோருக்கும் பீர்க்கங்காய் கொடுத்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஒரு பெரிய அடுக்கு முட்டை வைத்தார்கள். எப்போதும்போல் தேதியை முதலிலும் மாதத்தை அடுத்தும் அடித்து ஏற்றினேன். பதினெட்டாவது நாள் அந்த முட்டைகளை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். முதல் அறையில் அலமாரிகள் மணிக்கொருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். முட்டைக்கு அது வேண்டும். குஞ்சுக்கு ஆகாது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் குஞ்சு நிற்க இடமே கிடையாது.

அந்தப் பதினெட்டாவது நாள் காலையில் சீட்டில் ஒன்றும் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் மாற்றும் வேலை இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று நாள் கழித்து விடிகாலையில் கதவைத் திறந்த, முட்டை அறைகளைப் பார்த்துக்கொள்கிற மாரப்பண்ணன்தான் முதலில் கேட்டவர். அந்த அறையில் கேட்கவே கூடாத சத்தம், குஞ்சுச் சத்தம்.

நான் வேலைக்கு வந்தபோது அவர்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தட்டுகளுக்கு இடையில் நசுங்கியவை, மூச்சு முட்டியவை, விழுந்து மின்விசிறிக்குள் போனவை. பாதி ஓட்டோடு உயிர் இருந்தவையும் இருந்தன. மாரப்பண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். குஞ்சுகளைத் தீனிச் சாக்கில் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "சீட்டுல இல்லீங்க, சீட்டுல இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் குஞ்சு வாங்க வந்த பண்ணைக்காரர்களின் வண்டிகள் காலிப் பெட்டிகளோடு நின்றன.

மறுநாள் பீளமேட்டிலிருந்து அவர் வந்தார். முதலாளி, மாரப்பண்ணன், நான், மூவரும் அவர் பின்னால் நின்றோம். ஆகஸ்ட் மூன்றாம் தேதிக் கணக்கை எடுத்து அச்சடித்தார். திரையில் வெறும் எண்கள்தான் தெரியும். அச்சில் மாதம் எழுத்தில் வரும். மார்ச் எட்டு என்று வந்தது.

"தேதிய மாசமாவும் மாசத்தைத் தேதியாவும் மாத்திப் போட்டிருக்குதுங்க" என்றார், முதலாளியைப் பார்த்து.

"நான் எப்பவும் போடற மாதிரித்தானுங்க போட்டேன்" என்றேன்.

"போட்டதா நெனச்சிருப்பீங்க அம்மணி." குரலில் அத்தனை கரிசனம். "இப்பப் போட்டுப் பாக்கலாமுங்களா?"

என் கையாலேயே அடிக்கச் சொன்னார். அன்றைய தேதி இருபத்தைந்து. அடித்தேன். அச்சில் ஆகஸ்ட் இருபத்தைந்து என்று அழகாக வந்தது. அதற்கு முன் இருபத்தொன்றாம் தேதி போட்டதையும், பதினேழாம் தேதி போட்டதையும் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஆகஸ்ட் முதல் வாரத்திலும் அதை ஒட்டியும் போட்டவை மட்டும் புரண்டிருந்தன.

"மிசின் சரியா இருக்குதுங்க. அந்த ஒரு வாரம் பத்து நாள் மட்டுந்தான்." பிறகு சொல்லக் கூச்சப்படுகிறவர்போலத் தாழ்ந்த குரலில், "அந்த வாரந்தானுங்களே அம்மணியப் பொண்ணு பாக்க வந்தாங்க? வயசுப் புள்ள. மனசு எங்கியாச்சும் போயிருக்குமுங்க. திட்டாதீங்க" என்றார்.

திட்டாதீங்க என்று எனக்காகப் பரிந்து பேசினார். பெண் பார்க்க வந்த விஷயத்தை, அவரைக்காய் பிரித்துக் கொடுத்த ஒரு நாளில் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

முதலாளி திட்டவில்லை. "நாளையில இருந்து வர வேண்டாங் கண்ணு" என்றார். மாரப்பண்ணன் என்னைப் பார்த்த பார்வைக்கு அவர் திட்டியே இருக்கலாம்.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் பண்ணை நாலு மைல்தான். நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், பதில் சொல்ல ஆள் அனுப்புவதாகச் சொன்னவர்கள், அனுப்பவில்லை. கல்யாணம் என்றதும் புத்தி தடுமாறி ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கொன்றவள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ராத்திரி சோற்றைப் பிசையும்போது எனக்கே சந்தேகம் வரும். அன்றைக்கு நான் உண்மையிலேயே எதை அடித்தேன்? விரல்களை இலைமேல் வைத்து அடித்துப் பார்ப்பேன். தேதி முதலில், மாதம் அப்புறம். ஒரு ஆண்டு முழுக்க என் விரல்களை நான் நம்பவில்லை.

பிறகு பீளமேட்டில் ஒரு பம்ப் செட் கம்பெனி அலுவலகத்தில் தபால் பிரிக்கிற வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

அங்கே போகிற பஸ்ஸில் ஒருநாள் செல்வியைப் பார்த்தேன். பண்ணையில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். என்னிடம் பேசலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுப் பேசினாள். பேச்சுவாக்கில் அவரைப் பற்றிச் சொன்னாள்.

"நீங்க போன அடுத்த வாரமே வந்தாருங்கக்கா. ஏதோ ஒரு பக்கத்தைத் தெறந்து நாட்டை மாத்துனாரு."

"எந்த நாட்டை?"

"அமெரிக்கான்னு இருந்துச்சுங்க. இந்தியான்னு மாத்திப்போட்டாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்க அம்மணி, சும்மா அழகுக்குன்னு சொன்னாரு."

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தச் சொல் முள் மாதிரி உள்ளே தங்கியது. கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து நாட்டை அமெரிக்கா என்று வைத்துவிட்டு, "இப்ப ஒரு தேதி அடிங்க" என்றாள்.

ஆகஸ்ட் மூன்றை அடித்தேன். மார்ச் எட்டு என்று வந்தது.

அங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்களாம். பன்னிரண்டாம் தேதி வரை எதை அடித்தாலும் அது மாதம் என்று எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டைத் தாண்டினால், அப்படி ஒரு மாதம் கிடையாது என்பதால் தானாகச் சரியாக வாசித்துக்கொள்ளும். அவர் வந்து பார்த்தது இருபத்தைந்தாம் தேதி.

நான் அழவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்று மாலையே பண்ணைக்குப் போன் செய்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். "போனது போச்சு கண்ணு. இப்ப எல்லாம் நல்லா ஓடுது. அவரும் நம்மளுக்கு வேண்டிய ஆளு" என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாரப்பண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து நான் சொன்னதை முழுதும் கேட்டார். பண்ணையில் அவரைக் கழிவு அள்ளுகிற பக்கம் மாற்றியிருந்தார்கள்.

"அத்தனையும் என்ற கையில அள்ளுனேன் அம்மணி. நீ இப்ப வந்து அமெரிக்காங்கற" என்றார். எழுந்து உள்ளே போனார்.

கம்பெனியில் நான் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தேன். அந்தப் பெண் கல்யாணமாகிக் கோபிசெட்டிபாளையம் போனபோது அவள் இடம் எனக்கு வந்தது. அதற்குள் இரண்டாயிரம் ஆண்டு பிறந்தால் எல்லா மெஷின்களும் தேதி குழம்பி நின்றுவிடும் என்று நாடு முழுக்கப் பயந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மேனேஜரும் பயந்தார். அனுபவமுள்ள ஒருவரை வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

வந்தவர் அவர்.

தலை நரைத்திருந்தது. காரில் வந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் புடவைக்கு மாறியிருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன். அதற்கெல்லாம் முன்னால், அவர் அந்த நாளில் என்னைச் சரியாகப் பார்த்ததே இல்லையோ என்னவோ. மேனேஜர் எங்களை விட்டுவிட்டு வெளியே போனதும் கேட்டேன்.

"தேதி கொழம்பற வேலையெல்லாம் முன்னாடி பாத்திருக்கறீங்களா?"

"பாத்திருக்கறேனுங்க அம்மணி. பல்லடம் ரோட்ல ஒரு குஞ்சுப் பண்ணை. புது சிஸ்டம் போட்டதுல நாடு மாறி உளுந்து, தேதி பொரண்டுபோச்சுங்க. நாலு நாள் மண்டைய ஒடச்சுக் கண்டுபுடிச்சேன். ஆராலயும் முடிஞ்சிருக்காது." சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது. "அங்க ஒரு புள்ள டைப் அடிச்சுட்டு இருந்துச்சுங்க. அதை நிறுத்திப்போட்டாங்க. பாவம்."

"அது நாந்தானுங்க."

கண்ணாடியின் மேல் கை போனது. கழற்றவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மதிய நேரத்து முகம் வருமா என்று காத்திருந்தேன். வந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன்.

"அப்படீங்களா!" என்றார். சட்டென்று முகம் மலர்ந்தது. "நல்லதுக்குத்தானுங்க ஆயிருக்குது. அங்கியே கெடந்திருந்தா இப்படிப் பெரிய எடத்துக்கு வந்திருப்பீங்களா?"

"கண்டுபுடிச்ச அன்னைக்கு முதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"சரி பண்ணிப்போட்டேனுங்களே. அப்புறம் சொல்லி என்னங்க ஆவப்போவுது?"

"எங்கிட்ட இப்பச் சொல்லுங்க. 'என்ற தப்பு'ன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேண்டாம். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் மெதுவாக எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினார். "தண்ணி குடிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேனேஜரிடம் அவர் பேசியது எனக்கு முழுதும் கேட்டது.

"மிசின்ல பெரிசா ஒண்ணுமில்லீங்க, பாத்துக்கலாம். உள்ள இருக்கற அம்மணிக்குத்தான் ஒடம்புக்கு ஏதோ முடியல போல இருக்குதுங்க. கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க. திட்டிப்போடாதீங்க."

மேனேஜர் உள்ளே வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆள் விவரமானவர், இந்த நேரத்தில் வேறு யாரைத் தேடுவது என்றார்.

வேலை அவருக்கே போனது. நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றுதான். அவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எதை மாற்றினாலும் நான் பக்கத்தில் இருப்பேன் என்றேன். இருந்தேன். நேரம் ஆனாலும் எழவில்லை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் தப்பாகச் செய்யவும் இல்லை. ஜனவரி பிறந்தது. எங்கள் மெஷின்கள் எல்லாம் சரியான தேதியைக் காட்டின. அவர் கெட்டிக்காரர் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. வேலை திருப்தியாக முடிந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது என் பொறுப்பு. கையெழுத்துப் போட்டு, கீழே தேதியையும், மாதத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தில், போட்டுக் கொடுத்தேன்.